என் பெயரில் பிறந்த பிள்ளை

கோயம்புத்தூர்
12 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. முக்கால்வாசி நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தறிகள் இரண்டும் சௌக்கியமா?

போனில் கூப்பிட்டால் "சாப்டியாமா" என்று கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் அம்மா கையில் கொடுத்துவிடுகிற ஆள் நீங்கள். கடிதம் என்றால் மட்டும் இரண்டு பக்கம் எழுதுவீர்கள். அதனால் உங்களிடம் சொல்ல வேண்டியதைத் தபாலில் சொல்கிறேன். என் அறைத்தோழி தீபிகா "இந்தக் காலத்துல லெட்டரா?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாகச் சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே வலி. ஹாஸ்டல் சாம்பாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் வகுப்பிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பையில் கல்லாம். சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறதாம். "இது பயப்படற ஆபரேஷன் இல்லம்மா. ஆனா தள்ளிப் போடாதே. ஒரு கல் நழுவிப் போய் வேற இடத்துல அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நான் சொன்னால் ஒரகடத்திலிருந்து கம்பெனி யூனிபார்மோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். செலவை நினைத்துக் கலங்க வேண்டாம். அம்மா கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் நானும் இருக்கிறேனே. கல்யாணம் ஆகாமல், சம்பாதிக்காமல், படித்துக்கொண்டிருந்தால் இருபத்தைந்து வயது வரை பெற்றோர் காப்பீட்டிலேயே இருக்கலாம். மூன்றிலும் நான் முதல் வகுப்பு. கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டால் மற்றதை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும்.

ஜோதிகா அக்கா எப்படி இருக்கிறார்? ஆடிக் கிருத்திகை வந்தால் ஜோசுவாவுக்கு இரண்டு வயது. இரண்டாவது தறி பக்கத்தில் அவனுக்குக் கட்டிய தூளி இன்னும் தொங்குகிறதா, இல்லை பட்டு நூலை இழுக்கிறான் என்று விரட்டிவிட்டீர்களா? தினமும் அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரிக்கையிலிருந்து வந்து, பொழுதெல்லாம் நெய்துவிட்டுப் போகிறாரே, அவரை நினைத்தால் எனக்கு வலிக்கிறது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள் கீர்த்தி


காஞ்சிபுரம்
24 ஜூலை 2025

செல்வ மகள் கீர்த்திக்கு அப்பா குப்புசாமியின் ஆசிகள்.

உன் கடிதம் படித்த பிறகு கை ஓடவில்லை. மதியம் வரை தறியில் உட்காரவேயில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். எனக்குத் தெரிந்த பக்குவம் அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனியில் பேசி, காப்பீட்டு எண்ணை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். வருஷா வருஷம் உன்னைத் தன்னைச் சார்ந்த மகள் என்று கம்பெனியில் எழுதிக் கொடுப்பது அவள்தான். வருமான வரிக்கும் அப்படித்தான் காட்டுகிறாளாம். "எஞ்சம்பளத்துல எம் பொண்ணுக்கு வைத்தியம்" என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

குமரகோட்டம் முருகன் கோயிலில் உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தேன். நெய்யும் எண்ணெயும் தொடாதே. மோர் நிறையக் குடி.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். காப்பீட்டுக்காரர்கள் ஆயிரம் கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நான் மாணவி என்று சொன்னால் போதும். நம் வீட்டில் எத்தனை தறி, என்ன சங்கதி என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு?

தூளியை எடுத்தாயிற்று. ஜோசுவா இப்போது என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நான் நெய்வதை வேடிக்கை பார்க்கிறான். நானும் நெசவாளர் சங்க நிர்வாகக் குழுவில் இருக்கிறேன் அல்லவா, இந்த மாதம் கூட்டத்துக்கு மேல் கூட்டம். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2025

அப்பா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டருக்குப் போனேன். தீபிகாவும் வந்தாள். அங்கே இருந்த பெண் என் விவரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன் ஆயிருக்குதுங்களா?" என்றாள்.

"இல்லைங்க."

"சிசேரியன் ஆயிருக்குதுங்களே, ஏனுங்க சொல்லலை?"

தீபிகா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம் முன்னால, ஆகஸ்ட் மாசங்க. காஞ்சிபுரத்துல ஒரு நர்சிங் ஹோம். ஆண் குழந்தை. நெசவாளர் சங்கத்து பாலிசிங்க. உங்கம்மா பாலிசியும் அதுவும் ஒரே இன்சூரன்ஸ் கம்பெனிங்கறதால எல்லாம் ஒண்ணா வந்து நிக்குது. உங்க பேரு, பொறந்த தேதி, ஆதார் எல்லாம் ஒத்துப் போகுதுங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் என் வயிற்றைப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை. "உங்க பான் எண்ணுல நெசவுக் கூலியும் மாசாமாசம் வருதுங்க. நீங்க சம்பாதிக்கிறீங்க, குழந்தையும் இருக்குது. அப்புறம் எப்படிங்க உங்கம்மாவோட டிபெண்டன்ட் ஆவீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். மெதுவாகக் கேட்டதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

காப்பீட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்களாம்.

அப்பா, நான் நெசவாளியாம். ஒன்பதாம் வகுப்பு லீவில் நான் நெய்தது நாலு விரற்கடை. அதையும் நீங்கள் அவிழ்த்துவிட்டு மறுபடி நெய்தீர்கள். யாரோ என் ஆதாரைத் திருடியிருக்கிறார்கள் என்கிறாள் தீபிகா. நீங்கள்தான் சங்கத்தில் குழு உறுப்பினர் ஆயிற்றே. யார் இந்தக் கீர்த்தி, என் பெயர் அங்கே எப்படி வந்தது என்று விசாரித்து எழுதுங்கள். அதுவரை அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கம்ப்யூட்டர் ஒருத்தியைப் பிள்ளை பெற்றவள் என்று சொல்லிவிட்டால் ஊர் கம்ப்யூட்டரைத்தான் நம்பும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் நலமா?

கீர்த்தி


காஞ்சிபுரம்
15 செப்டம்பர் 2025

அன்பு மகளுக்கு,

பதில் தாமதம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாததால் தறிக்கு ஏற்றும் பாவு நூல் காயவில்லை, வேலை நின்று நின்று ஓடுகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா கொழுக்கட்டை செய்து உன்னை நினைத்துச் சாப்பிடாமலேயே எழுந்துவிட்டாள். எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம், எங்கள் சங்கத் தலைவர், உன்னை விசாரித்தார். அவர் மகன் அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிறானாம்.

நீ எழுதிய சங்கதி, அது கம்ப்யூட்டர் கோளாறாகத்தான் இருக்கும். இந்தக் காலத்தில் எதில்தான் கோளாறு இல்லை. நீ அவர்களோடு வாதம் பண்ணாதே. காப்பீடே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு. ஆபரேஷனுக்கு ஆகிற செலவை நான் எங்காவது புரட்டி அனுப்புகிறேன். நீ படிக்கிற பிள்ளை, இதிலெல்லாம் தலையிடாதே.

அரிசிக் கஞ்சி குடி. வெறும் வயிற்றில் இருக்காதே.

அப்பா


காஞ்சிபுரம்
19 செப்டம்பர் 2025

கீர்த்திக்கு அம்மா எழுதுவது.

நீ நாலு தரம் போன் பண்ணினாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன். அதனால்தான் உங்கப்பாவின் பேனாவை வாங்கி எழுதுகிறேன். பத்து வருஷம் ஆயிற்று நான் கடிதம் எழுதி.

நேற்று எங்கள் கம்பெனியில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். சம்பாதிக்கிற, பிள்ளை பெற்ற மகளைச் சார்ந்தவள் என்று காட்டியிருக்கிறேனாம். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்குங்க புள்ள?" என்றேன். "உங்க பொண்ணுக்குத்தாம்மா" என்றான் அந்தப் பையன். என் மகனாக இருக்க வேண்டிய வயசு அவனுக்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை பிறந்ததாகச் சொல்கிற அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நீ வரவில்லை. பரீட்சை என்றாய். காவடி பார்க்காமல் இருக்க மாட்டாயே என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

உங்கப்பாவிடம் சொன்னேன். எழுந்து சங்கத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் நெஞ்சு வெடித்திருக்கும்.

உன்னை அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று மட்டும் சொல். எவன் பிள்ளையாக இருந்தாலும் நான் வளர்க்கிறேன். அம்சவேணி பேரனை அநாதை இல்லத்தில் விட்டாள் என்ற பேச்சு வேண்டாம். ஆனால் என்னிடம் பொய் சொல்லாதே.

வலி எப்படி இருக்கிறது? மாத்திரை சாப்பிடுகிறாயா?

அம்மா


கோயம்புத்தூர்
23 செப்டம்பர் 2025

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு "நான் வளர்க்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பார்த்து மறுபடி அழுதேன். உன்னை என்னதான் செய்வது.

எனக்குப் பிள்ளை இல்லை. டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்து, எந்தத் தழும்பும் இல்லை, இந்தப் பெண்ணுக்கு சிசேரியன் நடந்ததேயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நீயும் வந்து பார்த்துக்கொள். பார்த்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போ.

ஆனால் அதோடு முடியவில்லை. "நீங்க இல்லைன்னா வேற யாருங்க? உங்க பேருல படுத்து பிரசவம் பார்த்துட்டுப் போனது யாரு? அதச் சொன்னாத்தான் உங்க ஃபைல் நகரும்" என்று காப்பீட்டுக் கம்பெனியில் கேட்கிறார்கள்.

அம்மா, ஆடிக் கிருத்திகை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஆடிக் கிருத்திகை அன்று நமக்குத் தெரிந்த யாருக்குப் பிள்ளை பிறந்தது? உனக்குத் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

காப்பீடே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் அப்பா. காய்கறிக்காரனிடம் கறிவேப்பிலைக்குச் சண்டை போடுகிற அப்பா. அவர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். நம் வீட்டு இரண்டாவது தறி யார் பெயரில் இருக்கிறது என்று நீ அவரிடம் கேள். அவர் பதில் சொல்லும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்.

வேலை போய்விடுமோ என்று பயப்படாதே. நீ பொய் எழுதவில்லை.

கீர்த்தி


காஞ்சிபுரம்
1 அக்டோபர் 2025

என் கண்ணு கீர்த்திக்கு,

முதலில் மன்னிப்பு. பெற்றவளே சந்தேகப்பட்டாளே என்று உனக்கு எப்படி இருந்திருக்கும். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டேன். "ரெண்டாவது தறி யார் பேர்ல இருக்குது?"

"எதுக்கு இப்ப?"

"கேக்கறேன் இல்ல."

"கீர்த்தி பேர்ல" என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

ஒரு உறுப்பினருக்கு ஒரு தறிக்குத்தான் சங்கத்தில் நூல் கொடுப்பார்களாம். இரண்டாவது தறி வேண்டும் என்றால் இன்னொரு பெயர் வேண்டும். உனக்குப் பதினெட்டு ஆனதும் உன் பெயரைச் சேர்த்துவிட்டாராம். கூலி உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழும், ஏடிஎம் அட்டை இவர் சட்டைப்பையில். எடுத்து ஜோதிகா கையில் கொடுப்பாராம். "ஊரே அப்படித்தான் பண்ணிக்கினு இருக்குது. நான் மட்டும் யோக்கியனா இருந்து இன்னா பண்ணச் சொல்ற?" என்கிறார்.

பிள்ளைப்பேறு சங்கதிக்கு வந்தேன். அன்றைக்கு நான் டூட்டியில். பத்து மணி வாக்கில் ஜோதிகாவுக்குத் தறியில் கால் வைத்து உட்காரும் குழியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டதாம். அவள் புருஷன் ராமராஜன் ஆட்டோவில் சவாரி ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் பக்கம் போயிருக்கிறான். இவரே வண்டி பிடித்து, முதலில் கண்ணில் பட்ட நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார். குழந்தை குறுக்கே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை தாங்காது என்றார்களாம். பணம் கட்டச் சொன்னதும் சங்கத்தின் காப்பீட்டு அட்டையை நீட்டிவிட்டார். அதில் கீர்த்தி என்று இருந்தது. கீர்த்தி என்றே எழுதிக்கொண்டார்கள்.

"தறியில உக்காந்தவளுக்குத்தான அட்டை? எம் பொண்ணா நெய்தா?" என்று என்னையே கேட்கிறார். என்ன சொல்வேன், சொல். அந்த நிமிஷத்தில் நானாக இருந்தாலும் நீட்டியிருப்பேன். ஆனால் அந்த அட்டையில் ஏன் அவள் பெயர் இல்லை என்று கேட்டேன். அதற்கு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஆறு வருஷமாக அவள் நம் வீட்டில் நெய்கிறாள். தண்ணீரைக்கூட ஓரிக்கையிலிருந்து பாட்டிலில் கொண்டுவருகிறாள். நேற்றுதான் அந்த பாட்டிலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

கம்பெனியில் இன்னும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். உன் வலியைப் பற்றி எழுது.

அம்மா


காஞ்சிபுரம்
6 அக்டோபர் 2025

கீர்த்திக்கு,

அம்மா எல்லாம் எழுதியிருப்பாள். நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் யோசி. உன் வாயிலிருந்து ஜோதிகா பெயர் வந்தால் ஏமாற்று வழக்கு என்று அவளைத்தான் இழுப்பார்கள். கைப்பிள்ளைக்காரி. அவளுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். தறிச் சங்கதி ஊருக்கே தெரிந்ததுதான். கலியாணசுந்தரம் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், இங்கே அவன் பெயரில் தறி ஓடுகிறது. அவன் மாசாமாசம் சேலை நெய்து அறுத்துக் கொடுப்பதாகச் சங்கத்தில் எழுதியிருக்கிறது. யார் கேட்டார்கள்?

ஆபரேஷனுக்குப் பணம் கேட்டிருக்கிறேன். கிடைத்துவிடும். பொறுமையாக இரு.

அப்பா


கோயம்புத்தூர்
14 அக்டோபர் 2025

அப்பா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். முந்தாநாள் மறுபடி வலி வந்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். கண் மஞ்சளாகிவிட்டது. நழுவிய கல்லைக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். "இதோட ரெண்டாவது எச்சரிக்கை. மூணாவது வந்தா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டரம்மா. தீபிகாவின் அப்பா தன் பணத்தைக் கட்டியிருக்கிறார். என்னை நீங்கள் ஒருமுறைகூடப் போனில் கூப்பிடவில்லை.

ஜோதிகா அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிளஸ் டூ படிக்கும்போது அவர் சங்கத்தில் சேர மனு எழுதினார், நினைவிருக்கிறதா? எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று என்னிடம்தான் கொடுத்தார். நம் கூடத்தில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். ஓரிக்கை ராமராஜன் மனைவி ஜோதிகா ஆகிய நான் கோர்வைச் சேலை நெய்யத் தெரிந்தவள், என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன் என்று. நீங்கள்தான் வாங்கிக்கொண்டு போனீர்கள். "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்னுட்டாங்க" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு எத்தனை கூட்டம் நடந்தது அப்பா?

அந்த வருஷம்தான் எனக்குப் பதினெட்டு ஆனது. பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் ஒரு தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுமா" என்றீர்கள். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. காபி குடித்துக்கொண்டே போட்டேன். அவருக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை என் காபி டம்ளர் பக்கத்தில் வைத்து வாங்கிக்கொண்டீர்கள். அதை நினைத்தால் வலியைவிட அதுதான் தாங்கவில்லை. எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நான் பிள்ளை பெற்றேன் என்று சொல்ல மாட்டேன். ஜோதிகா அக்கா பெயரையும் சொல்ல மாட்டேன். அட்டையை நீட்டியது நீங்கள். நீங்களே சொல்லுங்கள். அதுவரை கடன் வாங்கிய பணத்தில் எனக்கு ஆபரேஷன் வேண்டாம்.

கீர்த்தி


ஓரிக்கை
21 டிசம்பர் 2025

அன்புத் தங்கை கீர்த்திக்கு ஜோதிகா எழுதுவது. தையல் ஆறிவிட்டதா? இருமும்போது வயிற்றில் தலையணை வைத்துப் பிடித்துக்கொள். எனக்கு அப்போது அப்படித்தான் சொன்னார்கள்.

நான் கடிதம் எழுதியதைப் பார்த்து ஆச்சரியமாக இருக்கும். உன் அக்டோபர் கடிதத்தை உங்க அப்பா என்னிடம் படிக்கக் கொடுத்தார். தறியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். படித்துவிட்டு அன்றைக்கு என்னால் நெய்ய முடியவில்லை. என் மனு இன்னும் கூட்டத்தில் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் பிள்ளைக்கு உயிர் கொடுத்த மனுஷன் என்று அவர் படத்தை மாட்டாத குறையாக இருந்தேன். இரண்டும் அதே மனுஷன்தான் என்பதை ஜீரணிக்க எனக்கு நாளாயிற்று.

நவம்பரில் நடந்த சங்கக் கூட்டத்தைப் பற்றி உங்க அம்மா போனில் சொல்லியிருப்பார். அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என்னையும் வரச் சொல்லியிருந்தார் உங்க அப்பா. நான் வாசற்படியில் நின்றேன். எல்லோரும் போனஸ் பற்றிப் பேசி முடித்த பிறகு எழுந்தார். "அந்த ரெண்டாவது தறி எம் பொண்ணுது இல்ல. நெய்யறது ஜோதிகா. புள்ள பெத்ததும் அவதான். அட்டையக் குடுத்தது நானு" என்றார்.

"குப்புசாமி, உக்காரு. இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார் தலைவர் கலியாணசுந்தரம்.

"எம் பொண்ணு செத்துடுவா, அதுக்குத்தான்" என்றார் உங்க அப்பா.

அவரை யாரும் திட்டவில்லை. எப்படித் திட்டுவார்கள்? ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு கீர்த்தி இருக்கிறாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தது ஒரே ஒருத்தர், டீ கொடுக்க வந்தவர்.

பிறகு நானும் போய், அன்று படுத்திருந்தது நான்தான் என்று காப்பீட்டுக்காரர்களிடம் எழுதிக் கொடுத்தேன். பிரசவச் செலவைத் திருப்பிக் கட்டுவதாக உங்க அப்பா கையெழுத்துப் போட்டதால் வழக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். உன் பெயர் சுத்தமாகிவிட்டது. நீ மறுபடி உங்க அம்மாவைச் சார்ந்த மகள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு மண்டியிட்டு ஜெபம் பண்ணினேன், அது சத்தியம்.

ஆனால் எனக்குத் தறி போய்விட்டது கீர்த்தி. உன் பெயரை எடுத்ததும் அந்தத் தறிக்கு உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாத தறிக்குச் சங்கம் நூல் கொடுக்காது. பாதி நெய்த சேலையை அப்படியே அறுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். உங்க அப்பாவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் என் மனுவைத் தேடி எடுத்துத் தலைவர் மேஜையில் வைத்தார். அதில் உன் எழுத்து, மணி மணியாக இருந்தது. தலைவர் படித்துப் பார்த்தார். "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்" என்றார்.

நான் இப்போது ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போகிறேன். அந்த வேலைக்கு மனு எழுத வேண்டியிருக்கவில்லை. போன அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். உங்க அப்பா தினமும் முதல் தறியில் உட்காருகிறாராம். பக்கத்துக் குழியைப் பலகை போட்டு மூடிவிட்டார் என்று உங்க அம்மா சொன்னார். உங்க அம்மா இரண்டு தரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு தரமும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உன்மேல் கோபமா என்று உனக்குத் தோன்றும். இருந்தது. உனக்கு உடம்பு சரியில்லை என்று அதைத் தள்ளி வைத்தேன். இப்போது கொஞ்சம்தான் பாக்கி.

உன்னால் மட்டும் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் எழுதுகிறேன். ஜோசுவாவின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் கீர்த்தி என்று இருக்கிறது. மாற்றிக் கொடுங்கள் என்று முனிசிபல் ஆபீசில் கேட்டேன். "இதுல இருக்கற அம்மா நேர்ல வரணும். இது எம் புள்ள இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்பத்தாம்மா மாத்துவோம்" என்றார்கள். அவன் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தான். இவன் யாரைப் பார்த்து அம்மா என்று கூப்பிடுகிறான், காது கொடுத்துக் கேளுங்கள் என்றேன். அதெல்லாம் செல்லாதாம்.

பொங்கல் லீவுக்கு வருவாய் அல்லவா. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ராமராஜன் ஆட்டோவோடு நிற்பார். முதலில் ஓரிக்கைக்கு வா. இத்தனை வருஷத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்ததேயில்லை. நான் காபி போட்டுத் தருகிறேன். அதை முழுசாகக் குடித்து முடி. அப்புறம் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோசுவாவின் அம்மா
ஜோதிகா